செக்போஸ்டில் நிற்கும் ஒரு நிமிடம்: மலைச் சாலைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டு மலைச் சாலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மலையடிவாரச் சோதனைச்சாவடி ஒன்றில் போன கோடை முழுக்க ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் நின்றிருந்தார். மேலே ஏறும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, அரை நிமிடம் பேசுவார். "காலையில ஏழாவது வளைவுல ஆனை நின்னுதுங்க. பார்த்தீங்கன்னா அம்பது மீட்டர் முன்னாலயே நிறுத்திக்குங்க. முன்னால நிக்கிற வண்டிய ஒட்டி நிக்காதீங்க, ரிவர்ஸ் எடுக்க எடம் உடுங்க. ஆரும் எறங்கக் கூடாது. பழம் கிழம் இருந்தா உள்ள வச்சு மூடிக்குங்க." இவ்வளவுதான் அவர் சொன்னது.

இந்த ஆண்டு அவர் அங்கே இல்லை. வேறு பணிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் நின்ற இடத்தில் பச்சை நிறத்தில் புதுப் பலகை நிற்கிறது: "யானைகள் நடமாடும் பகுதி. கவனமாகச் செல்லவும்." வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டிலும் மதுபாட்டிலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தடுப்புக் கட்டையைத் தூக்குகிறார்கள். விடுமுறை நாளில் வரிசை நீண்டுவிட்டால் அதுவும் இல்லை, கையை அசைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பண்ணாரி, ஆசனூர், ஆழியாறு, வால்பாறை, மேட்டுப்பாளையம் சாலைகளில் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர்களும் அடிவாரத்தில் குடியிருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஆளை எடுத்துவிட்டுப் பலகையை வைத்த அந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. கவனமாகப் போ என்று எழுதிவைத்தால், கவனம் என்பது எது என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது பயன்படும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் முதல் முறையாக மலை ஏறுகிறவருக்கு அது தெரியாது. தெரியாததால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறோம்.

பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டுமே புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலைகள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் தடுப்புச் சுவரும் பள்ளமும். யானை இந்தச் சாலைக்கு எங்கே வேண்டுமானாலும் வந்து இறங்குவதில்லை. அதற்குத் தடம் உண்டு. தடுப்புச் சுவர் எங்கே விட்டுப்போயிருக்கிறதோ, எங்கே சரிவு படிப்படியாக இறங்குகிறதோ, அங்கேதான் ஏறும், அங்கேதான் இறங்கும். அந்த இடங்கள் எவை என்று லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், உங்கள் காவலர்களுக்கும் தெரியும். வெளியூர்க்காரர் காற்று வாங்கவும் படம் எடுக்கவும் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் அதே இடத்தில்தான், ஏனென்றால் சுவர் இல்லாத இடத்தில்தான் வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறது, காட்சியும் நன்றாகத் தெரிகிறது. யானையின் வாசலில் போய் நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. "யானைத் தடம். 200 மீட்டருக்கு வண்டியை நிறுத்தக் கூடாது" என்று தடம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போதுள்ள பலகை அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று. நடுவில் உள்ள வளைவுகளில் எதுவும் இல்லை.

சாலையில் யானை நிற்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் வண்டி பதினைந்து, இருபது மீட்டரில் நிற்கிறது. அடுத்த வண்டி அதன் பம்பரை ஒட்டி நிற்கிறது. மூன்றாவது வண்டிக்காரர் என்ன கூட்டம் என்று பார்க்க எதிர்த் தடத்தில் ஏறி முன்னால் வருகிறார். ஐந்து நிமிடத்தில் இரண்டு தடமும் அடைபட்டுவிடும். மறுபுறமும் இதே கதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், முன்னும் பின்னும் வண்டிகள். யானைக்குப் போக வழியே இல்லை. அது யாராவது ஒருவரை நோக்கித்தான் நடந்தாக வேண்டும். நடக்கத் தொடங்கியதும் முதல் வண்டி பின்வாங்கப் பார்க்கும், முடியாது. யானையை முதலில் பார்த்தவர் ஐம்பது மீட்டருக்கு முன்பே நின்று, அடுத்தவர் அவருக்குப் பின்னால் இரண்டு வண்டி நீளம் விட்டு நின்று, எதிர்த் தடத்தை எல்லோரும் காலியாக வைத்திருந்தால், யானை தன் தடத்துக்கு நடந்து போய்விடும். அந்த எதிர்த் தடம் யானைக்கும் வழி, பின்வாங்கும் வண்டிக்கும் வழி. காவலர் சொன்ன "ரிவர்ஸ் எடுக்க எடம் உடுங்க" என்பதில் இத்தனையும் அடக்கம்.

பின்வாங்குவதிலும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஏறுகிற வண்டி பின்வாங்கினால் சரிவில் இறங்கும், அது எளிது. இறங்குகிற வண்டி பின்வாங்கினால் மேட்டில் ஏற வேண்டும். பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் அணைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் அந்த நான்கைந்து நொடிதான் ஆபத்தானது. அதனால் யானையைப் பார்த்ததும் இன்ஜினை அணைக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவும் வைக்கக் கூடாது. அமைதியாக ஓடிக்கொண்டிருக்கட்டும். ரிவர்ஸ் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே இருப்பவர் இறங்கக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்க வேண்டும், மாற்றி மாற்றி அடிக்கக் கூடாது. பாட்டை நிறுத்த வேண்டும், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. முன்னால் அரசுப் பஸ் நின்றால் அதன் பின்னாலேயே நிற்பது நல்லது. அந்த டிரைவர்கள் பல ஆண்டுகளாக யானை பார்த்தவர்கள், எப்போது நகர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

யானையின் உடம்பு பேசுவதைப் படிக்கவும் பயணிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், கடினமில்லை. காது விசிறிக்கொண்டு, வால் ஆட, தழையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தால் அது தன் போக்கில் இருக்கிறது. தின்பதை நிறுத்திவிட்டுக் காதை விரித்து அசையாமல் நம் பக்கம் திரும்பி நின்றால், தும்பிக்கை நுனியைத் தூக்கி மோப்பம் பிடித்தால், நம்மைக் கவனித்துவிட்டது. பின்வாங்க வேண்டிய நேரம் அதுதான். முன்காலை முன்னும் பின்னும் ஆட்டினாலோ, மண்ணை வாரி இறைத்தாலோ, தலையை உதறினாலோ, அது விலகிப் போகச் சொல்லிவிட்டது. தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதை ஒடுக்கி வந்தால் அது மிரட்ட வருவதல்ல. ஆனால் மிரட்டலா தாக்குதலா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு இரண்டு படி முன்பே நகர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கறுப்பாக ஈரம் வழிந்து, பின்னங்கால் நனைந்திருந்தால் மதத்தில் இருக்கும் ஆண் யானை. அதற்கு நூறு மீட்டர்கூடக் குறைவு. கூட்டம் கடந்தால் கடைசி யானை போனதும் வண்டியை எடுத்துவிடக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். பின்தங்கிய குட்டியும் அதைத் தேடி வரும் தாயும் அதற்குப் பிறகுதான் வரும்.

இருசக்கர வாகனங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைக்குக்கு ரிவர்ஸ் கிடையாது. காரில் வருபவருக்கு ஐம்பது மீட்டர் போதுமென்றால் பைக்கில் வருபவர் நூறு மீட்டரிலேயே வண்டியைத் திருப்பி, முகப்பு வந்த வழியை நோக்கி இருக்கும்படி நிற்க வேண்டும். கார்கள் நிற்கின்றனவே, நாம் சின்ன வண்டி, ஓரமாகப் புகுந்து போய்விடலாம் என்று நினைப்பதுதான் உயிரை எடுக்கிறது. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நின்ற இடத்தை மோட்டார் பைக்கில் கடக்கப் போய் ஜெர்மனியிலிருந்து வந்த பயணி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகும் வாரக் கடைசிகளில் சைலன்சரை மாற்றிய பைக்குகள் பத்துப் பதினைந்தாகக் கூட்டம் சேர்ந்து அடிவாரத்தைத் தாண்டுகின்றன. வண்டி எண் மட்டும்தான் குறிக்கப்படுகிறது. யானை துரத்தினால் பைக்கைக் காப்பாற்றப் பார்க்காமல் போட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் பஸ்ஸிலோ லாரியிலோ ஏறிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

கரும்பு விஷயத்துக்கு வருகிறோம். தாளவாடியிலிருந்து கரும்பு ஏற்றிய லாரிகள் காரப்பள்ளம், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலம் பக்கம் இறங்குகின்றன. பாரம் மேலே கட்டுக்கு மிஞ்சி நீட்டிக்கொண்டிருக்கும். குலுங்கலில் நான்கு கழி சாலையில் விழும். சில டிரைவர்கள் யானையைக் கண்டால் ஒரு கட்டு கரும்பை உருவிப் போட்டுவிட்டு நகர்வதும் உண்டு. அவர்களைக் குறைசொல்வது எளிது, ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். அதன் விளைவு, யானைகள் லாரிச் சத்தத்தை அடையாளம் கண்டு சாலையோரம் காத்து நிற்கப் பழகிவிட்டன. குட்டிகளும் தாயிடமிருந்து அதையே கற்றுக்கொள்கின்றன. இப்போது காய்கறி வேனையும் நிறுத்திப் பார்க்கின்றன. அடுத்து வருவது சுற்றுலாக் கார். அதில் கரும்பு இல்லை, ஆனால் பின்சீட்டில் பழக்கூடை இருக்கிறது, வாசம் வருகிறது. தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கிய, உயர அளவுக்குள் நிற்கும் பாரமாக இருந்தால் இது தொடங்கியே இருக்காது. உயரத் தடுப்பை வனச் சோதனைச்சாவடியில் வைப்பதைவிட, பாரம் ஏற்றும் தோட்டத்திலேயே அளந்து அனுப்ப வைப்பது நல்லது. சோதனைச்சாவடியில் தடுத்தால் அதிகப்படியான கரும்பை அங்கேயே இறக்கிவிடுகிறார்கள், யானைக்கு அது விருந்தாகிவிடுகிறது.

திம்பம் சாலையில் 2022 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. அதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம், காட்டுக்கு அந்த இரவு வேண்டும். எங்கள் குறை, தடுப்பைத் திறக்கும் முறையைப் பற்றியது. காலை 6 மணிக்குத் திறந்ததும் இரவெல்லாம் வரிசையில் நின்ற வண்டிகள் ஒரே மூச்சில் கிளம்புகின்றன. விலங்குகள் தண்ணீர் குடித்துவிட்டுச் சாலையைத் தாண்டிக் காட்டுக்குள் திரும்பும் நேரமும் அதுதான். மார்கழி, தை மாதங்களில் 6 மணிக்கு இருட்டு விலகியிருக்காது, திம்பத்தில் மூடுபனி வேறு. அதேபோல் பொழுது சாய்ந்த பிறகு, மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று வளைவுகளில் விரட்டிக்கொண்டு வருகிறார்கள். கணக்கு எளிமையானது. காய்ந்த சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி, டிரைவர் பார்த்துப் பிரேக் மிதித்து நிற்க ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 40 மீட்டர். தாழ்த்திய ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இறக்கத்திலும் ஈரத்திலும் இன்னும் கூடும். கறுப்பு உடம்போடு நிற்கும் காட்டெருமை 40 மீட்டரில்கூடக் கண்ணுக்குத் தெரியாது, பல முறை வெள்ளைக் கால்தான் முதலில் தெரியும். ஒரு புள்ளிமான் கடந்தால் பின்னால் இன்னும் மூன்று வரும். முதல் மானைத் தப்பவிட்டு இரண்டாவதில் மோதும் வண்டிகள்தான் அதிகம்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் போகும் சாலைகளில் யானை எப்போது வரும் என்பதற்குப் பருவம் இருக்கிறது. பலாப்பழம் பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்துக்கு யானைகள் வந்து நிற்கும், மேட்டுப்பாளையம் அடிவாரத்திலுள்ள கல்லாறு அவற்றின் வழி. அந்த மாதங்களில் மட்டுமாவது சாலையோரப் பலாக்கடைகளை யானைத் தடத்திலிருந்து தள்ளி வைக்கலாம், சக்கையை ஓரத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வால்பாறை ஏறும் வழியில் ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் நிற்கும். நம் மாநில விலங்கு. திட்டம் போட்டுக் காக்கப்படும் விலங்கு அங்கே சிப்ஸ் பாக்கெட்டுக்காகக் கார்க் கதவோரம் வந்து நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கக் குழந்தைகளைத் தள்ளிவிடுகிறார்கள். பின்னால் வரும் பஸ் வளைவில் திரும்பும்போது ஆடும் குழந்தையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்குகின்றன. அவற்றுக்கென்று மரத்துக்கு மரம் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள், ஆனால் கீழே பிஸ்கட் விழுந்தால் அவை பாலத்தில் போகாது. சாதாரணக் குரங்குகளுக்கும் இதுவே. உணவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை நேராகப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தால் குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பது. பையைப் பிடுங்கினால் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். கடி விழுவது பெரும்பாலும் அந்த இழுபறியில்தான்.

கடித்த பிறகு நடப்பதும் வருத்தமாக இருக்கிறது. குரங்குக் கடிக்கு ஊசி எதற்கு, நாய்க்குத்தானே என்று சொல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறார்கள். குரங்கு, நாய், பூனை எது கடித்தாலும் வெறிநோய் வரலாம், வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இதை எந்த மருந்தும் ஈடுசெய்யாது. எதையும் பூசக் கூடாது, கட்டுப் போட்டு இறுக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். ரத்தம் வந்த காயமென்றால் அத்துடன் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். பயணிகள் தவறுவது இரண்டாவது ஊசியில்தான். ஊருக்குப் போய்விட்டோம், இனி எங்கே போடுவது என்று விட்டுவிடுகிறார்கள். சீட்டைக் காட்டினால் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் தொடரலாம் என்று முதல் ஊசி போடும்போதே சொல்லி அனுப்ப வேண்டும்.

பாம்புக்கடியும் அதேபோல். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, நடப்பவர்கள், வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் இரவில் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிகளிலும் சாலையோரத்திலும் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, எறும்பு கடித்ததுபோல் தோன்றும். சில மணி நேரத்தில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமல் சொருகுவது, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல். விடிவதற்குள் முடிந்துவிடும். தரையில் நேராகப் படுக்காமல் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுத்தாலே பெரும்பாலும் தப்பிவிடலாம். கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பாம்பைத் தேடி அடிக்க நேரத்தை வீணாக்கக் கூடாது. மோதிரம், வளையல், காப்பைக் கழற்றிவிட்டு, கடித்த கை காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, படுக்க வைத்து, 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடக்கத்திலேயே 10 குப்பி தேவைப்படலாம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர், நடுவில் 40 வளைவுகள். மருந்து மேலேயே இருந்தால் பிழைக்கிறவர், கீழே கொண்டுவந்தால் பிழைப்பது உறுதியில்லை. தமிழ்நாடு 2024இல் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. எங்கே, எந்த மாதத்தில் அதிகம் கடிக்கிறது என்ற கணக்கு உங்களிடம் வந்து சேர்கிறது. அதை வைத்துப் பாதயாத்திரை வழிகளில் மருந்தை முன்கூட்டியே வைக்க முடியும்.

சமவெளியையும் மறந்துவிட வேண்டாம். காங்கேயம், தாராபுரம், பல்லடம் சாலைகளில் விடியலில் மயில் தாழப் பறந்து சாலையைத் தாண்டும், ஸ்கூட்டரில் வருபவரின் முகத்துக்கு நேராக. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள் என்று ஒரு பலகைகூட நாங்கள் பார்த்ததில்லை.

வால்பாறை எஸ்டேட்டுகளில் 2025இல் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிச் சென்ற துயரங்கள் நடந்தன. வடக்கேயிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கை அவர்களுக்கு எட்டாது. தங்கும் விடுதிகளுக்கு வரும் பயணிகளின் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. பொழுது சாய்ந்த பின் தேயிலைப் புதர் ஓரம் குழந்தையைத் தனியாக விடக் கூடாது என்று அறைச் சாவி கொடுக்கும்போதே விடுதிக்காரர் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஏன் செய்ய முடியும் என்று நம்புகிறோம் என்றால், வால்பாறையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அது பக்கத்தில் இருப்பது தெரியாமல் இறந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கண்டு, 2011 முதல் யானை நிற்கும் இடத்தை அங்குள்ளவர்களின் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்து, யானை வந்தால் கைபேசியிலிருந்தே எரியவிட ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியிலும் ஓடவிட்டார்கள். உயிரிழப்பு குறைந்தது. எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு எட்டிய அந்தச் செய்தி, அதே சாலையில் வரும் பயணிக்கு எட்டவில்லை. நீலகிரிக்கு 2024 மே முதலும் வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் இ-பாஸ் எடுக்காமல் வெளியூர் வண்டி ஏற முடியாது. அதாவது இ-பாஸ் எடுத்து அங்கே ஏறும் ஒவ்வொரு வெளியூர் வண்டிக்கும் ஒரு கைபேசி எண் உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். இ-பாஸ் எடுத்தவருக்கு, அவர் பயணம் செய்யும் நாளின் காலையில், அன்று எந்த வளைவில் எந்த விலங்கு நின்றது என்றும், ஐம்பது மீட்டர், இரண்டு வண்டி நீள இடைவெளி, எதிர்த் தடம் காலி ஆகிய மூன்றும் தமிழ், மலையாளம், கன்னடம், இந்தியில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். சிவப்பு விளக்கு முறையைத் திம்பம் வளைவுகளுக்கும் ஆழியாறு வளைவுகளுக்கும் கொண்டுவர வேண்டும். யானைத் தடம் ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும் குறித்து, படத்தோடு, நான்கு மொழியில் பலகை வைக்க வேண்டும், ஆபத்து நேரத்தில் கூப்பிட ஒரே ஒரு எண் அதில் பெரிதாக இருக்க வேண்டும். காலை 6 மணிக்குத் தடுப்பைத் திறக்கும்போது வண்டிகளைப் பத்துப் பத்தாக, ஐந்து நிமிட இடைவெளியில், முன்னால் வனத்துறை ஜீப் ஒன்று போக, விட வேண்டும். கரும்புப் பாரத்தைத் தோட்டத்திலேயே அளந்து தார்ப்பாய் போட்ட பிறகே கிளம்ப அனுமதிக்க வேண்டும். ஒன்பதாவது வளைவிலும் புதுத்தோட்டத்திலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை முதல் மாலை வரை ஓர் ஆள் நிற்க வேண்டும். அடிவார, மலைமேல் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றின் வாசலிலும் வெறிநோய்த் தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின், பாம்பு விஷமுறிவு மருந்து அன்று எவ்வளவு இருப்பு என்று எழுதிவைக்க வேண்டும். தைப்பூசத்துக்கும் பண்ணாரி குண்டத்துக்கும் ஒரு மாதம் முன்பே அந்த இருப்பை உயர்த்த வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குப் பணமும் மாதங்களும் தேவைப்படும், புரிகிறது. ஒன்றுக்கு மட்டும் எதுவும் தேவையில்லை. அந்தச் சோதனைச்சாவடியில் நின்று பேசிக்கொண்டிருந்த காவலரை அடுத்த சனிக்கிழமைக்குள் அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். மற்ற அடிவாரச் சாவடிகளில் இருப்பவர்களுக்கும் அவர் பேசுவதைக் கேட்டுப் பழக ஒரு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு மலைச் சாலைகளில் வண்டி ஓட்டுபவர்களும் அடிவாரத்து ஊர் மக்களும்